மூத்தோருக்கு மருத்துவக் காப்பீடு விற்றுக் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி: 2025 அக்டோபர் 5
வயது 46, ஊர் திருச்சி. இப்போதைய வேலை டிசம்பரோடு முடிகிறது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சேல்ஸ் மேனேஜர், "அறுபது தாண்டினவங்களை மட்டும் பிடிங்க சார். பிரீமியம் பெரிசு, கமிஷனும் பெரிசு. ஆறே மாசத்துல மாசம் 40,000 நிக்கும்" என்கிறார். நம்பி இறங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

அக்டோபர் 5, இரவு
ஆறு மாதத்தில் நிற்காது. நான்காம் வருடம் நிற்கும், அதுவும் ரினீவல் (பழைய பாலிசிகளின் வருடாந்தப் புதுப்பிப்பு) கைநழுவாமல் இருந்தால்.

கணக்குக்காக ஒரு பாலிசிக்குச் சராசரி பிரீமியம் 25,000, புதுசுக்கும் ரினீவலுக்கும் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலிசிக்கு 3,750 ரூபாய். பெட்ரோல், போன், ஜெராக்ஸ், ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 6,000.

மாதம் 4 புதுப் பாலிசி என்பது புதியவருக்கு நல்ல வேகம். முதல் வருடம் 48 பாலிசி, கமிஷன் 1,80,000. மாதம் 15,000 வந்து, செலவு போக 9,000 நிற்கும். 100க்கு 85 பேர் புதுப்பித்தால் இரண்டாம் வருடம் 41 பழையது, 48 புதியது, மொத்தம் 89. மாதம் 27,800. மூன்றாம் வருடம் 124 பாலிசி, 38,750. நான்காம் வருடம் 153 பாலிசி, 47,800. செலவு போக 41,800. சேல்ஸ் மேனேஜர் சொன்ன 40,000 இங்கேதான் வருகிறது.

ஆகவே கையில் மூன்று வருடம் வீடு நடத்தப் பணம் வேண்டும், அல்லது வேறொரு வருமானம் வேண்டும். இது இல்லாமல் இறங்குபவர்கள்தான் எட்டாம் மாதம் அவசரப்பட்டுத் தப்பான பாலிசியைத் தலையில் கட்டுகிறார்கள்.

அக்டோபர் 6
85 சதவீதம் என்று போட்டது ஏன் முக்கியம் என்று நேற்று எழுதவில்லை. வேகம் அதே மாதம் 4 தான், ஆனால் 70 பேர்தான் புதுப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். நான்காம் வருடம் 153க்குப் பதில் 122 பாலிசி. அதைவிடப் பெரிய விஷயம் உச்சவரம்பு. வருடம் 48 சேர்த்து 30 சதவீதம் புதுப்பிக்காமல் ஒழுகினால் உங்கள் புத்தகம், அதாவது கையில் ஓடும் பாலிசிகளின் மொத்தம், 160க்கு மேல் ஒருநாளும் ஏறாது. 15 சதவீதம்தான் ஒழுகுகிறது என்றால் 320 வரை ஏறும். அதே உழைப்பு, இரண்டு மடங்கு புத்தகம்.

மூத்தோர் புத்தகத்தில் ஒழுகல் முழுவதும் உங்கள் கையில் இல்லை. மரணம் வரும். கணவர் போனபின் அம்மா மகள் வீட்டுக்குப் போவார், மருமகன் வேறு ஏஜென்டிடம் எடுப்பார். பிரீமியம் ஏறி மகன் கைவிடுவார். அதனால் 85 என்பதைத் தானாக வரும் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை பார்த்தால் கிடைக்கும் எண் அது.

அக்டோபர் 6, மாலை
ஒருவர் கேட்டிருக்கிறார்: "கமிஷன் 15 சதவீதம் என்று சட்டமா?"

முன்பு அதுதான் உச்ச வரம்பு. 2023 ஏப்ரல் 1 முதல் பொருள்வாரியான வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எடுத்துவிட்டது. நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்குத்தான் இப்போது வரம்பு: பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 சதவீதம், மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு 35. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது நிறுவனத்தின் முடிவு. வயது ஏற ஏறக் கமிஷன் இறங்கும் அட்டவணைகளும் உண்டு. "பிரீமியம் பெரிசு, கமிஷனும் பெரிசு" என்று சொன்னவரிடம் 61 முதல் 75 வரை புதுப் பாலிசிக்கு எவ்வளவு, ரினீவலுக்கு எவ்வளவு என்ற பக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் அதுவே பதில்.

அக்டோபர் 8
முதல் குறிப்பின் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 25,000 பாலிசிக்கு 4,500 வரி சேர்த்து 29,500 கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 25,000 கட்டுகிறார். வாடிக்கையாளருக்கு நல்லது, ரினீவல் பேசவும் எளிது. ஆனால் நிறுவனத்துக்கு உள்ளீட்டு வரி வரவு (தன் செலவுகளில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி) போய்விட்டது. அந்த இழப்பைச் சில நிறுவனங்கள் கமிஷனில் இறக்குகின்றன: "15 சதவீதம், ஜி.எஸ்.டி. உட்பட" என்றால் 3,750ஐ 1.18 ஆல் வகுங்கள், 3,178 தான். அப்படிப்பட்ட நிறுவனத்தில் நான்காம் வருடத்து 153 பாலிசிக்குச் செலவு போக மாதம் 34,500 சுமாராகத்தான் நிற்கும், 41,800 அல்ல.

டி.டி.எஸ். (கமிஷனிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பற்றிப் பயப்பட வேண்டாம். தனிநபருக்கு 2025 ஏப்ரலிலிருந்து 5 சதவீதம் 2 ஆகிவிட்டது. வருடக் கமிஷன் 20,000 தாண்டினால்தான் பிடிப்பார்கள்.

அக்டோபர் 9
நுழைவுக்கு என்ன தேவை என்று இரண்டு பேர் கேட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 25 மணி நேரப் பயிற்சி, ஐ.சி.38 என்ற ஏஜென்ட் தேர்வு. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் போதும். இது கஷ்டமே இல்லை. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் தெருவுக்கு நாலு ஏஜென்டுகள்.

யோசிக்க வேண்டியது வேறு. ஏஜென்டாக இருந்தால் ஒரு ஆயுள் நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், இவற்றில்தான் ஏஜென்ட் கோடு (பதிவு எண்) வாங்கலாம். பொதுக் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவப் பாலிசி தருவதால் உங்கள் பையில் இரண்டு நிறுவனத்தின் மருத்துவப் பாலிசிகள் இருக்கும். ஒருவர் ஏற்காத சர்க்கரை நோயாளியை இன்னொருவர் ஏற்பார். பி.ஓ.எஸ்.பி. (புரோக்கரின் விற்பனையாளர்) என்ற வழியில் 15 மணி நேரப் பயிற்சியோடு ஒரு புரோக்கரின் கீழ் பல நிறுவனப் பாலிசிகளை விற்கலாம். அப்போது வாடிக்கையாளர் கணக்கு புரோக்கரிடம் இருக்கும். பிரிந்தால் ரினீவல் கமிஷன் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அக்டோபர் 12
யாரிடம் போவது என்பது பற்றி.

வீட்டுக்குள் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பென்ஷன் எங்கிருந்து வருது?" தமிழ்நாடு அரசு ஓய்வூதியர் என்றால் மாதா மாதம் பிடித்தம் செய்து அவர்களுக்கென ஒரு மருத்துவக் காப்பீடு ஓடுகிறது. மத்திய அரசு என்றால் சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கலாம், முன்னாள் ராணுவத்தினர் என்றால் அவர்களுக்கான இ.சி.எச்.எஸ். வங்கி ஓய்வூதியர்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் வழியாகக் குழுப் பாலிசி உண்டு. பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் மாற்று கேட்பார்கள். இவர்களிடம் முழுப் பாலிசி பேசுவதை விட இருப்பதற்கு மேல் ஒரு டாப்-அப் (அந்தத் தொகையைத் தாண்டும் செலவுக்கான கூடுதல் பாலிசி) தேவையா என்று பார்ப்பதே சரி.

உண்மையான தேவை இருப்பவர்கள் கடை வைத்திருந்தவர்கள், தனியார் பள்ளி ஆசிரியர்கள், சிறு தொழில் செய்தவர்கள், மகனின் கம்பெனிக் குழுப் பாலிசியில் தொற்றிக்கொண்டிருக்கும் பெற்றோர்கள். கடைசி வகை மிக ஆபத்தான நிலையில் இருப்பது. மகன் வேலை மாறினால், வேலை போனால், 68 வயதில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை. குழுப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குக் கிளைம் கிடைக்காத ஆரம்ப காலம்) பழைய சம் இன்ஷூர்டு (காப்பீட்டுத் தொகை) அளவுக்குக் கூடவே வரும். வேலை போனபின் ஓடி வருபவருக்கு இது கிடைப்பது கடினம்.

அக்டோபர் 12, கூடுதல்
70 தாண்டியவர்களைப் பற்றி விட்டுவிட்டேன். 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் வருடம் 5 லட்சம் வரை விரிக்கப்பட்டது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் சேரலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000க்கு உட்பட்ட குடும்பத்துக்கு. இவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சேமிப்பைக் கரைத்து வருடம் 40,000 பிரீமியம் கட்டப் போகும் 73 வயதுக்காரருக்கு அரசு அட்டையை எடுத்துக் கொடுப்பது உங்கள் கமிஷனைத் தின்னும். ஆனாலும் அதுதான் சரி. கட்ட முடியாதவரிடம் விற்ற பாலிசி அடுத்த வருடமே விழும், அவருக்கு அந்த 40,000மும் போகும்.

அக்டோபர் 15
புரொபோசல் ஃபார்ம், அதாவது பாலிசிக்கான விண்ணப்பம். இந்தத் தொழிலில் பிழைப்பதும் அழிவதும் இந்த நாலு பக்கத்தில்தான்.

"சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்பார்கள். அது இல்லை என்ற அர்த்தத்தில் வராது. வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்றால் சர்க்கரை. டெல்மிசார்டன், அம்லோடிபின் என்றால் பிரஷர். குளோபிடோகிரெல் இருந்தால் ஸ்டென்ட் வைத்தாரா, பக்கவாதம் வந்ததா என்று கேட்டாக வேண்டும். டாம்சுலோசின் என்றால் புராஸ்டேட். தைராக்ஸின், லெவோடோபா எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றும் எந்த வருடத்திலிருந்து என்று எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் இருக்கும், அதையும் இணையுங்கள்.

மறைத்தால் எங்கே மாட்டும்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்பார், "எத்தனை வருஷமா சுகர்?" பெரியவர் உள்ளதைச் சொல்வார்: "பத்து பதினஞ்சு வருஷமா". அது கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் நிற்கும். பாலிசிக்கு வயது இரண்டு வருடம். ஃபார்மில் "இல்லை". கிளைம் நிராகரிப்பு, கூடவே பாலிசியும் ரத்தாகலாம். அந்தக் குடும்பம் மட்டும் போகாது. அந்தத் தெருவே போகும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? லோடிங் (நோய்க்காகக் கூடுதல் பிரீமியம்) வரலாம், சில நேரம் ஏற்க மறுப்பார்கள், இல்லாவிட்டால் காத்திருப்புக் காலத்தோடு ஏற்பார்கள். அந்தக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதத்தில் கவர் தரும் மூத்தோர் பாலிசிகளும் உண்டு. தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்தபின், மோசடி என்று நிரூபித்தால் தவிர, தகவல் மறைப்பைக் காட்டி மறுக்க முடியாது; அதுவும் முன்பு 8 வருடமாக இருந்தது.

இதைக் கேட்டு "அஞ்சு வருஷம் தாண்டிட்டா போதும்ல" என்று திட்டம் போடும் ஏஜென்டுகள் உண்டு. 66 வயதுக்காரர் ஐந்து வருடம் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கமாட்டார் என்று பந்தயம் கட்டுகிறீர்கள், அதுவும் அவர் காசில்.

அக்டோபர் 16
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் போனில் மருத்துவக் கேள்வி கேட்கும், அழைப்பு பதிவாகும். காது மந்தமானவர் எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" அல்லது "இல்லைங்க" என்பார். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் போட்டு மகனையோ மகளையோ பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் குரல் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போகும் என்றால் அவரிடம் முழு ஃபார்மையும் அனுப்பிப் படிக்கச் சொன்னபின் ஓ.டி.பி. கேளுங்கள்.

அக்டோபர் 20
விற்கும்போதே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய விஷயம், ரூம் ரென்ட் வரம்பும் கோ-பேயும் (கிளைமில் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய பங்கு) சேர்ந்து என்ன செய்யும் என்பது.

3 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. கோ-பே 30 சதவீதம். பெரியவர் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் இருக்கிறார். பில் 2,40,000: அறை 30,000, டாக்டர், தியேட்டர், நர்ஸிங் 1,30,000, மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை 80,000. அறை பாதியாகி 15,000. அறையோடு ஒட்டிய கட்டணங்களும் அதே விகிதத்தில் பாதியாகி 65,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனையில் இந்த விகித வெட்டு கூடாது, 80,000 அப்படியே. ஆக 1,60,000. இதில் 30 சதவீதம் கழித்து 1,12,000. அவர் கையிலிருந்து 1,28,000. கையுறை, டயபர் போன்ற மருத்துவமல்லாத பொருள்களின் 68 அயிட்டப் பட்டியல் தனி. அதுவும் அவர் தலையில்.

3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால்? மற்றது அதே பில் என்றாலும் 2,25,000க்கு 70 சதவீதம், 1,57,500 வரும். கைக்காசு 67,500. அறை மாற்றிய ஒரே காரணத்துக்காக 60,500 ரூபாய் வித்தியாசம்.

இதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அவர்கள் கையெழுத்தில் தேதி போட வைத்து, பாலிசியோடு கிளிப் செய்துவிடுங்கள். நிறுவனம் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். அதையும் சேருங்கள்.

அக்டோபர் 21
"அப்படியானால் கோ-பே உள்ள பாலிசியே விற்கக் கூடாதா?" என்று ஒருவர்.

அப்படிச் சொல்லவில்லை. 71 வயது, ஸ்டென்ட் வைத்தவர். கோ-பே இல்லாத பாலிசி அவருக்கு மறுக்கப்படும், அல்லது லோடிங்கோடு கட்ட முடியாத விலையில் வரும். 70 சதவீதமாவது கிடைப்பது அவருக்குப் பெரிது. 62 வயதில் உடம்பு நன்றாக இருப்பவருக்கு அதே பாலிசியை விற்றால் அது அநியாயம். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி தர வேண்டிய ஆரோக்ய சஞ்சீவனியை ஒப்பிட்டுக் காட்டுங்கள்: கோ-பே 5 சதவீதம், அறை 2 சதவீதம், ஆனால் 5,000க்கு மேல் இல்லை, கண்புரை ஒரு கண்ணுக்கு 25 சதவீதம் அல்லது 40,000, எது குறைவோ அது. மூத்தோருக்குக் கண்புரையும் முட்டியும்தான் முதலில் வரும். கண்புரை, ஹெர்னியா, புராஸ்டேட், பித்தப்பைக் கல் எல்லாவற்றுக்கும் பொதுவாக 24 மாதக் காத்திருப்பு உண்டு. "ஆறு மாசத்துல ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னபின் பாலிசி கேட்பவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 27
85 சதவீதத்துக்கு என்ன வேலை என்று எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுக்காமலே கடன்பட்டிருக்கிறேன்.

ரினீவல் தேதிக்கு 60 நாள் முன்னால் முதல் அழைப்பு, மகனுக்கு. ஏறப் போகும் தொகையைச் சொல்லுங்கள். கடைசி வாரம் சொன்னால் சண்டை வரும். 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 60 தாண்டியவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று உத்தரவிட்டது. இது உங்களுக்கும் பேச ஒரு பிடி. வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் 45 நாளுக்கு முன் போர்ட் விண்ணப்பம் போக வேண்டும், அதனால்தான் 60. பிறகு 30, 15, 7. வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. பாலிசியின் தொடர்ச்சி காப்பாற்றப்படும், ஆனால் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளைம் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் "ஒரு மாசம் டைம் இருக்கு" என்று விடுவது பெரிய தவறு.

"கமிஷன்ல பாதி குடுங்க, உங்ககிட்டயே போடறேன்" என்பவர்கள் வருவார்கள். காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவு, 10 லட்சம் வரை அபராதம். அது ஒருபுறம். 3,178ல் பாதியைக் கொடுத்துவிட்டு அவருக்காக நீங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் நிற்க முடியாது, அதுதான் உண்மையான காரணம். பெற்றோரின் பிரீமியத்துக்கு வருமான வரியில் 50,000 வரை கழிவு என்று விற்பதும் பழைய வரி முறையில் இருப்பவரிடம் மட்டும்தான் எடுபடும். ரொக்கமாகக் கட்டினால் அதுவும் கிடையாது.

நவம்பர் 2
கிளைம். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் ரினீவல் இங்கேதான் உறுதியாகிறது.

திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன், அவசரத்துக்குச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாத சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும்) கோரிக்கைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அது நிறுவனத்தின் செலவு. கடிகாரம் ஆஸ்பத்திரி இறுதிப் பில்லை அனுப்பிய பின்தான் ஓடும். காலை 9 மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்பார், பில் மதியம் 2க்குத்தான் போகும். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் நின்று அந்தப் பில்லை நகர்த்துவதுதான் உங்கள் வேலை.

ரீஇம்பர்ஸ்மென்ட் (நாம் கட்டிவிட்டுப் பின்னால் திரும்ப வாங்குவது) என்றால் அசல் டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்தெழுதிய இறுதிப் பில், பணம் கட்டிய ரசீது, சீட்டோடு மருந்துப் பில், ரிப்போர்ட்டுகள், ரத்து செய்த காசோலை. கண்புரைக்கு லென்ஸ் ஸ்டிக்கர், முட்டிக்கு இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்; இவை கேஸ் ஷீட்டிலேயே ஒட்டிக் கிடக்கும், டிஸ்சார்ஜ் நாளிலேயே நகல் கேளுங்கள்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில், அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவில். அதிலும் சரியாகாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் (புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்). 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே காப்பாற்றுவது நீங்கள் உண்மையாக நிரப்பிய ஃபார்மின் நகல்தான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த நகலை எடுத்து வையுங்கள்.

நவம்பர் 3
கேள்வி கேட்ட திருச்சிக்காரர், "அப்போ டிசம்பருக்கு மேல் என்ன செய்வது?" என்று எழுதியிருக்கிறார்.

வேலை இருக்கும்போதே தேர்வை எழுதிவிடுங்கள். சம்பளம் வரும் இந்த இரண்டு மாதத்தில் சனி, ஞாயிறு காலை 10 முதல் 12 வரை மட்டும் போங்கள். மதியம் பெரியவர்கள் தூங்குவார்கள். முதல் பத்து வீட்டில் விற்க வேண்டாம்; அவர்களிடம் இருக்கும் பாலிசியை வாங்கிப் படித்து, அறை வாடகை, கோ-பே, காத்திருப்பு, ரினீவல் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரினீவல் தேதிகளை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அந்த நோட்டைத் திறந்தால் யாரை எப்போது அழைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.